மூலைப் பலகையின் இடது பக்கம்

டீச்சர் அந்தப் பிரேமைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தபோது நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் இருந்தவர் அவருடைய கணவர். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது நான்தான் அந்தப் படத்துக்குப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு முழு மனிதராக இருந்தார். இப்போது அவருக்கு ஒரு காது இல்லை. காது இருந்த இடத்திலிருந்து தாடை வரை காகிதத்தின் வெள்ளை தெரிந்தது. ராமபாணப் பூச்சி மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

“அவரோட காது போயிடுத்து, பாரு” என்றார் டீச்சர்.

திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுத்த தொண்டை. இருந்தும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அந்த விஷயத்தில் இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அவர் சும்மா நின்றார். நான் பிரேமைத் திருப்பி மூலையைப் பார்த்தேன்.

பூச்சி எந்த வழியாக உள்ளே போயிற்று என்று எனக்குத் தெரியும். மேல் மூலையில் இரண்டு சட்டங்கள் சாய்வாக வந்து கூடும் இடத்தில் ஒரு சந்து. பிரேம் போட்ட அன்றே அதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மரத்தூளைப் பசையில் குழைத்துச் சந்தில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பாலிஷ் அடித்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இது கடலோரம். இரண்டு மழை தாண்டியதும் அந்த அப்பல் ஊறி உதிர்ந்து, என் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்து நின்றது. அந்த வழியாக ஈரமும் போயிற்று, பூச்சியும் போயிற்று. நான் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டீச்சர் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தார். கடுதாசி உறைக்குள், அதற்குள் இன்னொரு உறைக்குள் இருந்தது. அதே மனிதர், கொஞ்சம் வயது குறைந்த முகம். படத்தின் அடியில் நீல மையில் அவர் கையெழுத்து.

“இது ஒண்ணுதான் பாக்கி, கேட்டியோ. இதையும் பூச்சிக்குக் குடுக்க எனக்கு மனசில்லை.”

“ஸ்கேன் எடுத்து காப்பி போட்டுக்கலாமே டீச்சர்” என்றேன்.

“எடுத்தாச்சு. போன்ல இருக்கார். போனுக்கு முன்னாடி வெளக்கேத்தவா? காப்பில மை கறுப்பா வரது. அது அவர் கையில்லை.” பிறகு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மழைக்கு முந்தி வேணும். மூலையில காத்துகூட நுழையப்படாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, பெட்டியிலேயே கெடக்கட்டும்.”

முடியும் என்று சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

என் கடையில் நான் கண்ணாடி அறுப்பேன், படத்தை ஒட்டுவேன், ஆணி அடிப்பேன். சட்டங்களின் மூலையைச் சாய்வாக வெட்டித் தருவது இரண்டு கடை தள்ளி இருக்கும் ஆசாரி. பதினோரு வருடமாக அப்படித்தான். அவர் வெட்டுவதில் சந்து விழும், நான் அப்பி மூடுவேன். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு டீச்சரின் பழைய பிரேமைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் பட்டறைக்குப் போனேன். அவர் வீட்டில் மலையாளம்தான். என்னிடம் மட்டும் இரண்டும் கலந்து பேசுவார்.

“எந்தா சேச்சி?”

மூலையைக் காட்டினேன். நகத்தை விட்டும் காட்டினேன்.

“நாலு மூல கூடும்போ அர நூல் இடம் வரும் சேச்சி. அது மரத்தோட குணம். பாலிஷ் அடிச்சா மதி, போதும்.”

“அரை நூல் இடத்துல ஒரு மனுஷனோட காது போச்சு ஆசாரி.”

அவர் சிரித்தார். அவருடைய வேலையாட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். “மரிச்ச ஆளுக்கு இனி காது எதுக்கு சேச்சி?” என்றார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் நான் இன்றைக்கும் மரத்தூள் குழைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

“வெட்டினதுக்கு அப்புறம் இழைச்சுச் சீவினா இடம் வராதில்ல?”

“வராது. ஆனா ஒரோ மூலையும் சீவிக்கிட்டு இருந்தா எங்களுக்கு வேற பணி இல்லையா? அத்தனை நிர்பந்தம்னா சேச்சி தன்னே சீவிக்கோ.”

“சீவறேன். உங்க சிந்தேர் ரெண்டு நாளைக்குத் தாங்க.”

சிந்தேர் என்றால் இங்கே இழைப்புளி. ஆசாரி சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஆயுதம் கை மாறாது சேச்சி. பெண்ணுங்க கைக்கு மாறவே மாறாது.”

“மூலைமட்டமாவது தாங்க, அளந்துட்டுத் தர்றேன்.”

“அதும் ஆயுதம் தன்னே.”

கோபத்தில் வாயை விட்டுவிட்டால் எனக்குப் பின்வாங்கத் தெரியாது. “வேண்டாம், வெச்சுக்கோங்க. இனிமே என் கடைச் சட்டம் ஒண்ணுகூட இங்க வெட்ட வராது” என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதித் தெரு கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அவருக்கு மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலை. எதையும் நிறுத்துப் பார்க்காமல் பேச மாட்டார். “ஆசாரியைப் பகைச்சிட்டு இந்தத் தெருவுல கடை நடத்துவியா? பிளாஸ்டிக் பிரேம் ரெடிமேடா வருது. வாங்கி வெச்சு வித்தா மதி” என்றார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தேன். என் பதில் அவருக்குத் தெரியும். “வீம்பு” என்றார். ஆமாம், வீம்புதான்.

இழைப்புளி கிடைத்தது ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியில். ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவே, கழுத்தில் சிவப்பு நூலும் விலைச்சீட்டும் தொங்க, மரத்தாலான பழைய இழைப்புளி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் வார்னிஷ். அலகுக்கும் வார்னிஷ். அந்தக் கடைக்காரருக்கு நான் கண்ணாடி மாற்றிக் கொடுப்பது வழக்கம்.

“அது ஷோபீஸாக்கும் சேச்சி. பணி எடுக்காது” என்றார்.

“அதை நான் பார்த்துக்கறேன். உங்க ரெண்டு கண்ணாடிக்கு நான் பிரேம் சரி பண்ணித் தர்றேன், இதை எனக்குக் குடுங்க.”

யாரோ வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறையில் பூச்செடிக்குப் பக்கத்தில் போய் உட்கார இருந்ததை நான் மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வேண்டுமென்றே ஆசாரி பட்டறை வழியாகத்தான் வந்தேன்.

வழி காட்ட ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்தேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கோ குளிர் நாட்டில் ஒரு மனிதர் என் சமையலறை அளவு இருக்கும் தன் மேசைமேல் ஒரு பலகையை வைத்து, அதன் ஓரமாக இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஓட்டினார். பலகையின்மேல் ஒரு முட்டு. முட்டில் சாய்த்து வைத்த சட்டத்தின் முனை ஒரு மயிரளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழைப்புளி அந்த மயிரளவை மட்டும் சீவிக்கொண்டு போகும். கை நடுங்கினாலும் இழைப்புளி சாயாது, சட்டமும் நகராது. இதற்கு வேண்டியது தோள்பலம் இல்லை, பலகைதான் என்று புரிந்ததும் நான் போனை அணைத்துவிட்டேன். அவரிடம் இருந்த கருவிகளில் பத்தில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பார்க்கப் பார்க்கப் பொறாமைதான் வரும்.

ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று என் கடையில் அடுக்கடுக்காக நின்றது. கண்ணாடி. அதைவிடச் சமமான தளம் ஆசாரியிடமும் கிடையாது. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றில் தண்ணீர் தெளித்து உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் அலகைத் தேய்த்தேன். முதல் நாள் வார்னிஷ் போயிற்று, இரண்டாம் நாள் துரு போயிற்று. மூன்றாம் நாள் நான் கொஞ்சம் அதிக நம்பிக்கையோடு விரலை வைத்துப் பார்த்து, விரல் நுனியில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டேன். அதே உப்புத்தாளில் இழைப்புளியின் பக்கங்களையும் தேய்த்துச் சமமாக்கினேன். அது படுத்து ஓட வேண்டியது அந்தப் பக்கத்தில்தானே.

பலகைக்கு மரம் கொண்டுவந்தது என் கணவர். கேட்காமலேயே ஒரு மாலை பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகைகளைக் கயிற்றில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கடை வாசலில் சாத்தி வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார். பலகையில் எந்தத் தோட்டத்துப் பெயரோ பாதி அழிந்த எழுத்தில் இருந்தது. அகலமான பலகை கீழே, அகலம் குறைந்தது மேலே. இரண்டையும் ஒட்டியதும் ஓரத்தில் ஒரு படி கிடைத்தது. இழைப்புளி ஓடும் பாதை அந்தப் படி.

முட்டுக்குத்தான் திண்டாடினேன். ஒரு முக்கோணக் கட்டை வேண்டும். அதன் உச்சி மிகச் சரியான செங்கோணமாக இருந்து, படியின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். உச்சிக்கு இரண்டு பக்கமும் சட்டத்தைச் சாய்க்க இரண்டு சரிவுகள். மூலைமட்டம் இல்லாமல் செங்கோணத்துக்கு எங்கே போவது? கடைத்தெருவில் ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் ஆசாரி தர மறுத்த பொருளைக் காசு கொடுத்து வாங்க அந்த வாரம் எனக்கு மனம் வரவில்லை. நான் கோபமாக இருக்கும்போது இப்படித்தான், மூளையைத் தனியாக வேலை வாங்குவேன்.

என் அப்பாவுக்கு இதே மட்டாஞ்சேரியில் பலசரக்குக் கடை. பள்ளி விட்டு வந்ததும் நான் பொட்டலம் மடிப்பேன். மிளகுக்கு ஒரு மடிப்பு, ஏலக்காய்க்கு ஒரு மடிப்பு. ஓரம் கிழிந்த, கோணலான எந்தக் காகிதத்தையும் ஒரு தடவை மடித்து, அந்த மடிப்பையே அதன்மேல் பொருந்தும்படி இன்னொரு தடவை மடித்தால் மூலை தானாகச் செங்கோணமாகிவிடும். காகிதம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த மூலை பொய் சொல்லாது. பழைய செய்தித்தாளில் அப்படி ஒரு மூலையை மடித்து, கண்ணாடிமேல் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் தேக்குக் கட்டையைத் தேய்த்தேன். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் கட்டைக்கும் காகிதத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரியவில்லை. செங்கோணத்தைச் சரிபாதியாக மடித்து, அந்தச் சாய்வுக்குக் கட்டையைத் திருப்பி ஒட்டினேன்.

பலகை தயார். நாட்டுத் தேக்கில் எட்டுத் துண்டு வாங்கினேன். நான்கு பழகுவதற்கு, நான்கு டீச்சருக்கு. அகலமான, பூவேலை இல்லாத வெறும் சட்டம். கைவாளால் முனைகளைச் சாய்வாக அறுத்தேன். முதல் சட்டத்தை முட்டின் வலது சரிவில் சாய்த்து, இழைப்புளியை வலது கையால் தள்ளினேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. கடையில் தனியாக நின்று நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னேன்.

ஒரு பிரேமில் சட்டம் நான்கு, முனை எட்டு. ஒவ்வொரு சட்டத்தின் ஒரு முனையை முட்டின் வலது சரிவிலும் மறுமுனையை இடது சரிவிலும் வைத்துச் சீவ வேண்டும். இடது சரிவில் சீவுவதென்றால் இழைப்புளியைத் திருப்பி வைத்து இடது கையால் தள்ள வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. சட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, குப்புறப் போட்டால் மறுமுனையும் வலது சரிவில் உட்கார்ந்துவிடும் என்று கண்டுபிடித்து, எட்டு முனைகளையும் வலது கையாலேயே சீவினேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் அது சாமர்த்தியம் இல்லை, பழக்கம். சாமி படத்தையும் இறந்தவர் படத்தையும் எங்கள் வீட்டில் இடது கையால் தொட மாட்டோம். கடைக்கு வருகிறவர்கள் படத்தை நீட்டும்போது நான் எந்தக் கையை நீட்டுகிறேன் என்று பார்ப்பார்கள். பதினோரு வருடத்தில் ஒரு படத்தைக்கூட இடது கையால் வாங்கியதில்லை. டீச்சரின் கணவருக்கான சட்டத்தை இடது கையால் சீவுவது என்ற யோசனையே என் தலைக்குள் வரவில்லை.

பழகுவதற்கு வைத்த நான்கு சட்டங்களையும் கூட்டினேன். மூன்று மூலை கூடின. நான்காவது மூலை வாய் பிளந்தது. பழைய பிரேமைவிடப் பெரிய சந்து. நான்காவதை இறுக்கினால் முதலாவது திறந்தது. அதை இறுக்கினால் மூன்றாவது. அந்த நேரம் பார்த்து ஆசாரி சாயா கிளாஸோடு என் கடை வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வரவில்லை, ஒன்றும் தொடவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இத்தனூண்டு விரித்துக் காட்டினார்.

“ஒரு நூல்” என்றார். “எனக்கு அர நூலாக்கும்.”

அவர் போனதும் நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். அழுதுவிட்டு, பலகையைத் தூக்கி ஓடையில் போடலாமா என்று யோசித்தேன். சுவரில் சாத்திவைத்திருந்த டீச்சர் கணவரின் பழைய படம் ஒற்றைக் காதோடு என்னையே பார்த்தது. வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை. என்னிடம் மிச்சமிருந்தது நான்கு துண்டுத் தேக்கு.

இரண்டு நாள் பலகையைத் தொடவில்லை. வந்த வேலைகளுக்கு மூலையை நானே வாளால் அறுத்து, பழையபடி மரத்தூளை அப்பினேன். ஒவ்வொரு அப்பலுக்கும் என்மேலேயே எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள் சும்மா உட்கார்ந்து ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். செங்கோணத்தை மடித்துவிட்டேன். அதைப் பாதியாக மடிக்கும்போது கவனம் இல்லாமல் ஓரம் கொஞ்சம் தள்ளி மடிந்துவிட்டது. ஒரு பாதி பெரியது, ஒரு பாதி சின்னது. பிரித்துப் பார்த்தேன். பெரியதும் சின்னதும் சேர்ந்து அதே பழைய செங்கோணம்தான். மடிப்பு எங்கே விழுந்தாலும் இரண்டையும் கூட்டினால் மூலை மாறவே இல்லை.

எழுந்து நின்றுவிட்டேன். என் முட்டு அந்தக் காகிதம்தான். அதன் உச்சி சரியான செங்கோணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டும்போது ஒரு மயிரளவு திரும்பியிருக்கிறது. அதனால் வலது சரிவு கொஞ்சம் பெரியது, இடது சரிவு கொஞ்சம் சின்னது. வலதில் சீவிய முனையும் இடதில் சீவிய முனையும் சேர்ந்தால் எந்தக் குறையும் இல்லாமல் கூடும். நானோ எட்டு முனைகளையும் வலதிலேயே சீவிப் பெரியதோடு பெரியதைச் சேர்த்திருந்தேன். நான்கு மூலைத் தப்பும் சேர்ந்து கடைசி மூலையில் வந்து வாய் பிளந்தது. பலகையில் கோளாறு இல்லை. பாதி வேலைக்கு இடது கை வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை.

பிறகு யோசித்தேன். கண்ணாடி அறுக்கும்போது அளவுகோலை அசையாமல் அழுத்திப் பிடிப்பது எந்தக் கை? ஆணி அடிக்கும்போது அடி வாங்குவது எந்தக் கை? கண்ணாடி கீறி என் இடது உள்ளங்கையில் இருக்கும் தழும்பெல்லாம் வேலை செய்து வந்தவைதான். உழைப்பதற்கு வேண்டும், படத்தைத் தொட வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்? ஆசாரி என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே. பாலிஷ் அடிக்க இந்தப் பெண் வேண்டும், ஆயுதம் தொட வேண்டாம். அவரிடம் தெருவே கேட்கச் சண்டை போட்டுவிட்டு, என் சொந்தக் கைக்கு நானே ஆசாரியாக உட்கார்ந்திருந்தேன். அது தெரிந்தபோது அவர்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் என்மேல் வந்தது.

இழைப்புளியைத் திருப்பி வைத்து இடது கையால் தள்ளினேன். இழைப்புளி குதித்தது, விக்கியது, ஓரத்தைப் பிய்த்தது. நாற்பத்தாறு வயதுக் கைக்குப் புதிதாக ஒன்றைப் பழக்குவது சின்ன வேலை இல்லை. ஒரு வாரம், மத்தியானம் தெரு வெறிச்சென்று இருக்கும் நேரங்களில், துண்டு மரங்களை வைத்துத் தள்ளித் தள்ளிப் பழகினேன். தோளில் தைலம் தேய்த்துவிடும்போது என் கணவர், “ரெடிமேட் பிரேமுக்கு இந்தத் தொந்தரவு இல்ல” என்றார். ஆனால் அடுத்த நாள் கிடங்கிலிருந்து மெழுகுக் கட்டி ஒன்று கொண்டுவந்து தந்தார். பலகையின் பாதையில் தடவினால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு ஓடும் என்று கிடங்கில் யாரிடமோ கேட்டிருக்கிறார்.

டீச்சரின் நான்கு சட்டங்களை ஒரே நாளில் சீவினேன். நான்கு முனை வலது கையால், நான்கு முனை இடது கையால். பசை தடவி, கயிறு சுற்றி இறுக்கி, மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்தேன். நான்கு மூலையிலும் பென்சிலால் இழுத்தது போன்ற ஒற்றைக் கோடு. ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் நுழைக்கப் பார்த்தேன். ஓரம் மடங்கியதே தவிர நுழையவில்லை. மரத்தூள் டப்பாவை மூடி மேல்தட்டில் ஏற்றினேன்.

ஆசாரி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தடவை உள்ளே வந்து, கேட்காமலேயே பிரேமை எடுத்துக் கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு மூலையிலும் ஓட்டினார். நகம் எங்கும் நிற்கவில்லை. திரும்பவும் ஒரு சுற்று ஓட்டினார்.

“யாரு சீவித் தந்தது?”

“நான்தான்.”

“சேச்சி, சத்யம் பறையணும்.”

நான் ஒரு துண்டு மரத்தை எடுத்து, வலது சரிவில் வைத்து வலது கையால் ஒரு தள்ளு, திருப்பி இடது சரிவில் வைத்து இடது கையால் ஒரு தள்ளு. இரண்டு சீவலையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் சீவலைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தார்.

“இடங்கையா? மரிச்ச ஆளோட பிரேமுக்கோ?” குரல் தாழ்ந்தது. நிஜமாகவே திடுக்கிட்டிருந்தார். “ஆசாரம் பார்க்குற வீடாக்கும் அது. டீச்சர் அறிஞ்சா இதைக் கையால தொட மாட்டாங்க.”

அவர் போன பிறகு பிரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. டீச்சர் வெற்றிலை பாக்கைக்கூட இடது கையால் வாங்காத மனுஷி. பிரேமைப் பார்த்தால் எந்த முனை எந்தக் கையில் சீவியது என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் கொடுத்துவிட்டால் முடிந்தது. மழைக்கு முன் படம் சுவரில் ஏறிவிடும். மத்தியானம் முழுக்க இதையே மனதில் ஓட்டினேன். பிறகுதான் உறைத்தது, இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சந்தைப் பார்த்துவிட்டுப் பாலிஷ் அடித்தபோதும் இதையேதான் நினைத்தேன்: பார்த்தால் தெரியாது.

டீச்சர் வந்த அன்று காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. குடையும் துணிப்பையுமாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆசாரி தன் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை உள்ளே பொருத்திய பிரேமைக் கொடுத்தேன். டீச்சர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே அந்த நீல மைக் கையெழுத்தில் விரலை வைத்தார். முகம் இளகியது.

“டீச்சர், ஒரு காரியம் சொல்லணும்” என்றேன். “இந்த மூலையில பாதி நான் இடது கையால சீவினது. அப்படிச் செஞ்சாத்தான் சந்து இல்லாம கூடும். வேண்டாம்னா சொல்லுங்க, படத்தை எடுத்துத் தந்துடறேன். ஆனா நான் இனி எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் செய்வேன்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

டீச்சர் பலகையைப் பார்த்தார், இழைப்புளியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையை மடியிலிருந்து எடுத்து, முதல் தடவை பார்ப்பதுபோல் விரித்துப் பார்த்தார்.

“ஏழு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தார். தெனம் அவரைக் கழுவித் தொடைச்சு விட்டது இந்தக் கைதான்.” குரல் ஏறியது. நாற்பது வருடம் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல், இரண்டு கடை தாண்டி எட்டியது. “அப்போ ஒருத்தரும் வந்து இந்தக் கை ஆகாதுன்னு சொல்லலையே. இப்போ சுவத்துல மாட்ட மட்டும் ஆகாதாமா?”

அந்தக் கையாலேயே பிரேமை எடுத்தார். நான் பிளாஸ்டிக் உறை சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். துணிப்பைக்குள் வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு, மறுகையில் குடையை விரித்து இறங்கினார். தெரு முனை திரும்புவதற்குள் முதல் தூறல் விழுந்தது.

ஆசாரி இன்னும் வாசலில்தான் நின்றார். நான் அடுத்த பிரேமின் சட்டத்தை எடுத்தேன். பலகையை மேசையின் தெருப்பக்கத்துக்கு, அவர் கண்ணில் நன்றாகப் படும் இடத்துக்கு இழுத்துப் போட்டேன். சட்டத்தை இடது சரிவில் சாய்த்து, இடது கையால் இழைப்புளியைத் தள்ளினேன்.